சுவர் பேசும் வீட்டுக்கு ஆள் தேவை

1

நான் மெல்போர்னுக்கு வந்து பதினேழு வருடம் நிறைந்த அன்று அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். ஒரு மனிதன் பதினேழு வருடம் இந்தக் குளிரைத் தாங்கினானே என்பதற்காக அல்ல. அந்த மாதம் நான் எழுதிய ஒரு வேலை விளம்பரத்துக்கு ஆறே பேர் விண்ணப்பித்து, ஆறு பேருமே தகுதியானவர்களாக அமைந்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது கும்பாபிஷேகத்துக்குச் சமம். கேக்கின் மேல் 'ரகு' என்பதை எழுதியிருந்த அழகைப் பார்த்தால் வேறு யாருக்கோ வாங்கியதோ என்று தோன்றும். அதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

என் பிழைப்பு இதுதான். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க விளம்பரம் எழுதித் தருவது. எந்த வார்த்தையைப் போட்டால் சோம்பேறி ஓடிப்போவான், எந்த வார்த்தையைப் போட்டால் நல்ல வேலைக்காரன் நின்று படிப்பான் என்று மற்றவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் 'ஹெச்.ஆர்.' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அப்பாவிடம் ஒரு தடவை விளக்கமாகச் சொன்னேன். "ஆள் தேவைன்னு எழுதறதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

கேக்கை வாயில் வைத்த நேரம் கைபேசி துடித்தது. அபிராமபுரத்தில் அப்பா வீட்டு ஹாலில் நான் மாட்டியிருக்கும் கேமரா, ஏதோ அசைகிறது என்று சொன்னது. திறந்து பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த தனம், வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். தோளில் பையை மாட்டினார். அப்பாவிடம் ஏதோ சொன்னார். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பதினோரு மாதத்தில் நான்காவது ஆள். சுற்றி நின்றவர்கள் எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

2

அப்பாவுக்கு எண்பத்தொன்று. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை. வாக்கர் பிடித்து நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கால் படுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஒரே பிள்ளை. நல்ல பிள்ளை வேறு. ஆகவே விமானம் ஏறுவதற்கு முன் ஒரு கேமரா வாங்கி டிவிக்கு மேலே மாட்டிவிட்டு வந்தேன். பார்க்கலாம், இங்கிருந்தே பேசலாம், பேசினால் அங்கே கணீரென்று கேட்கும். விழுந்தவரைத் தூக்க மட்டும் முடியாது. அதற்குத்தான் ஆள்.

தனம் போன அன்று கீழ்வீட்டு மாமி போன் செய்தார். "ரகு, பதினஞ்சு நாள் நான் பாத்துக்கறேன். சாப்பாடு கொண்டு போய் வெச்சுடறேன். அதுக்கப்புறம் பொண்ணாத்துக்கு பெங்களூர் போறேண்டா, டிக்கெட் போட்டாச்சு. அதுக்குள்ள யாரையாவது ஏற்பாடு பண்ணிடு." ஆள் கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கும் என்னிடம் ஏற்பாடு இருந்தது. ஊருக்கு வெளியே கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். படிவத்தைப் பூர்த்தி செய்தே வைத்திருந்தேன். அப்பாவிடம் நாசூக்காகச் சொன்னேன்.

"அங்க கொண்டு விட்டியானா நான் படுத்துப்பேன்" என்றார். "அப்புறம் எழுந்துக்க மாட்டேன். மிரட்டறேன்னு நினைச்சுக்காதே. தகவலுக்குச் சொல்றேன்."

அப்பா அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் தகவல் அனுப்பியவர். தகவல் என்றால் தகவல்தான். இருந்தாலும் என் கைவசம் தொழில் இருக்கிறதே என்று உட்கார்ந்து விளம்பரம் எழுதினேன்.

"அபிராமபுரத்தில் தனியாக வசிக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்ளப் பொறுமை, நேர்மை, சுறுசுறுப்பு, சுயமாகச் செயல்படும் திறன் உள்ள பெண்மணி தேவை. வயது முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். அருகிலேயே வசிப்பவராக இருத்தல் அவசியம். காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும். தினம் மூன்று முறை நடக்கவைக்க வேண்டும். வேலை நேரத்தில் செல்போன் கூடாது. மகன் வெளிநாட்டிலிருந்து அழைத்தால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும். சைவ உணவுப் பழக்கம் விரும்பத்தக்கது. சம்பளம் தகுதிக்கேற்ப..."

இப்படி மொத்தம் பத்தொன்பது தகுதிகள். செல்போன் கூடாது, ஆனால் முதல் மணியில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு அப்போது ஒரு முரணும் தெரியவில்லை. 'விரும்பத்தக்கது' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் ஒரு பயிற்சி உண்டு. அதை நடத்துகிறவன் நான்தான். இந்த விளம்பரத்தை நான் இங்கே ஒரு கம்பெனிக்கு எழுதியிருந்தால் என்னை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மாமியிடம் அனுப்பி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். மாமி அவ்வளவு நீளம் யார் படிப்பார்கள் என்று சுருக்கிப் போட்டார்: "ரெண்டாவது மாடி மாமாவைப் பாத்துக்க நம்மாத்து மனுஷா மாதிரி டீசன்டா ஒரு ஆள் வேணும். ப்ளீஸ் ஃபார்வர்ட்." நான் பூசி மெழுகியதை மாமி போட்டு உடைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அர்த்தத்தை மாற்றிவிட்டார் என்று கோபப்பட முடியவில்லை.

3

விண்ணப்பங்கள் வந்தன. முதலில் தேனாம்பேட்டையிலிருந்து ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்.

"பேஷன்ட் மேலா, ஃபீமேலா சார்?"

"பேஷன்ட் இல்லைங்க. என் அப்பா."

"ஓகே சார். எத்தினி கிலோ?"

தூக்குகிறவர்களுக்கு அது முக்கியமான கேள்வி என்று பிறகு புரிந்தது. அப்போது போனை வைத்துவிட்டேன்.

அடுத்து ஒரு அம்மாள். என்னைத்தான் அவர் நேர்காணல் செய்தார். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், கக்கூஸ் இந்தியனா வெஸ்டர்னா, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "இதுக்கு மின்ன இருந்த ஆளு ஏன் நின்னுச்சு?" என்றார். சொந்தக் காரணங்கள் என்றேன். "அதுக்கு மின்ன இருந்தது?" அவருக்கும் சொந்தக் காரணங்கள். "எல்லாருக்கும் சொந்தக் காரணமா வருதே சார் உங்க வூட்ல" என்று சிரித்துவிட்டு வைத்தார். மறுபடி எடுக்கவே இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம், கண்ணகி நகர். எனக்கு வேண்டியது அருகில் வசிப்பவர். மாமியிடம், மயிலாப்பூர் பக்கம் ஒருவர்கூடவா இல்லை என்று கேட்டேன். "எங்கடா இருக்கா? பின்னாடி கால்வாய் ஓரத்துல இருந்தவாளை எல்லாம் லாரில ஏத்திண்டு போயிட்டாளே" என்றார். உண்மைதான். நடந்து வந்து நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்களை எல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தாகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, கால்வாய் இனிமேல் சுத்தமாகிவிடும் என்று நான்கூட முகநூலில் ஒரு கட்டைவிரல் வைத்தேன். இப்போது அருகில் வசிப்பவர் தேவை என்று விளம்பரம் எழுதுகிறேன்.

அப்படியே ஆள் கிடைத்தாலும் குடியிருப்புச் சங்கத்தின் படிவம் இருக்கிறது. இரண்டு போட்டோ, கைரேகை, காவல் நிலையச் சான்று, இரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. அவ்வளவும் கொடுத்தால் ஓர் அடையாள அட்டை. பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். தனத்தின் அட்டை அவர் வேலையை விட்ட மறுநாள் வந்து சேர்ந்தது.

படிவத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை என்று என் அலுவலகமும் ஒன்று நீட்டியது. பெற்றோரைக் கவனிக்க லீவு கேட்டிருந்தேன். அதில் ஒரு கேள்வி: 'இந்த நபரைப் பராமரிப்பதில் முதன்மைப் பொறுப்பு உங்களுடையதா?' ஆம் என்ற கட்டத்தில் கூசாமல் டிக் அடித்தேன். அடுத்த மாதம் ஐந்து நாள் தரலாம் என்று பதில் வந்தது. மாமியின் ரயிலுக்கு அப்போது ஒன்பது நாள்தான் இருந்தது.

4

என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தமிழில் சாப்பிடத் தெரியும், கோபித்துக்கொள்ளத் தெரியும். படிக்கத் தெரியாது. சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கலாம் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமயம் அவள் ஒரு ரொட்டிக் கடையில் பகுதி நேர வேலை தேடிக்கொண்டிருந்தாள். தினம் ஐந்தாறு விளம்பரம் படித்துப் படித்து எங்கள் வீட்டில் என்னைவிடப் பெரிய நிபுணர் ஆகியிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கிடந்த என் பத்தொன்பது தகுதிகளை அவள் கைபேசியால் மொழிபெயர்த்துப் படித்தாள். படித்துவிட்டு, இதை எழுதினவர் யார்மேலோ ரொம்பக் கோபமாக இருக்கிறார் போல என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான்தான் எழுதினேன் என்றேன். தெரியும் என்றாள்.

"இதில் தாத்தா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள். "அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், ஒன்றுமே இல்லையே. இந்த வேலைக்குப் போனால் உன்னோடுதான் இருக்க வேண்டும்போல இருக்கிறது."

உடனே அடுத்ததைக் கேட்டாள். "போன ஆள் ஏன் போனார் என்று கேட்டாயா? உன் ஆபீசில் அதைக் கேட்காமல் விளம்பரமே எழுதக் கூடாது என்று சொல்வாயே."

சொல்வேன். வேலையை விட்டுப் போகிறவரிடம் கேட்க வேண்டிய பன்னிரண்டு கேள்விகள் என்று நானே தயாரித்த தாள் ஒன்று ஆஸ்திரேலியாவில் பல கிடங்குகளில் உபயோகத்தில் இருக்கிறது. பளுதூக்கி வண்டி ஓட்டுகிற எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என் அப்பாவைக் குளிப்பாட்டி விட்ட நான்கு பெண்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. சம்பளம் பத்தவில்லை, வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று நானே முடிவு செய்துவிட்டிருந்தேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் வாத்தியாரே மக்கு.

5

தனம் மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல்.

"இன்னா சார், சாவி வச்சிட்டேனே. பாத்தியே."

சாவிக்கு இல்லை, ஏன் நின்றீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

"கேட்டதால சொல்றேன், கோச்சிக்காத சார். உங்க நைனாவாண்ட ஒரு கொறையும் இல்ல. தங்கமான மன்சன். டீ குட்த்தா, நீ குடிச்சியான்னு கேட்டுட்டுத்தான் வாய்ல வைப்பாரு. அந்த செவுருதான் சார் என்னால முடில."

"எந்தச் சுவர்?"

"டிவிக்கு மேல கீதே, அந்த செவுரு. நான் தரை தொடச்சிக்கினு இருக்கசொல்ல, அந்த மூலை விட்டுப்போச்சுன்னு சொல்லுது. குந்தி ஒரு வாய் சோறு துன்னா, இன்னும் முடிக்கலையாங்குது. மூஞ்சியே இல்லாத ஆளாண்ட இன்னான்னு சார் பதில் சொல்றது? மேல பாத்து பேசணுமா, கீழ பாத்து பேசணுமா? எங்காளுங்கள்ள யார்னா செவுரு பேசுதுன்னு சொன்னா வேப்பிலை அடிக்க இட்டுக்கினு பூடுவாங்க."

கவனிக்க வேண்டியது என் கடமை இல்லையா, அப்பாவை நீங்கள் நடக்கவே வைப்பதில்லை, எப்போது பார்த்தாலும் அந்தப் பிரம்பு நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"அத்தயும் கேளு" என்றார் தனம். "வந்த புச்சுல தினம் எழுப்புவேன். வா ஐயா, பால்கனி வரிக்கும் போலாம்னு. நாலு அடி வைப்பாரு. இங்க செவுரு, அப்பா எங்க, அப்பா எங்கன்னு கத்தும். என் போனும் அடிக்கும். அவுரு அப்டியே திரும்பிக்குவாரு. அவன் தேடறான்னு சொல்லிட்டு வந்து குந்திக்குவாரு. ரெண்டு வாரம் இப்டி. அப்பால எழுந்துக்கறதையே உட்டாரு. உன் கண்ணுக்குத் தெரியணும்னே அங்க குந்திக்கினு கீறாரு சார். நாற்காலிய கூட அவுருதான் செவுரு பக்கமா திருப்பிப் போட சொன்னாரு."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கால் படுத்துவிடும் என்று டாக்டர் சொன்னாரே, அதைப் பதினோரு மாதமாக நான்தான் இங்கிருந்து பொறுப்பாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

6

கேமராவைத் திறந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பத்திக்கு ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அதைப் பார்த்திருக்கிறேன். டிவிக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். சுவர் வழியாகப் பேசத் துணிச்சல் வரவில்லை. போனில் கூப்பிட்டேன்.

"தனம் சொல்றது நிஜமாப்பா?"

"நிஜம்தான். நீதான் பயந்துண்டே இருக்கியே. நான் இங்க உக்காந்திருந்தா நோக்கு ஆபீஸ்ல வேலை ஓடும்னு உக்காந்துண்டிருக்கேன். நேக்கு என்ன, உக்கார்றதுதானே."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"கேட்டியா?"

அன்று மாலை விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே சிறியது. "எண்பத்தொரு வயது மனிதர். நல்லவர், பிடிவாதக்காரர், கிரிக்கெட் பைத்தியம். நடக்க உதவி வேண்டும். அவரோடு இருப்பது சுலபம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனைச் சகித்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை. முன்பு இருந்த நால்வரும் அவனால்தான் போனார்கள்." மீரா மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, இதற்கு யாராவது வருவார்கள் என்றாள்.

குழுவில் போடவில்லை. போட வெட்கமாக இருந்தது என்பதே உண்மை. அதை அப்படியே வாசித்துக் குரல் பதிவாகத் தனத்துக்கு அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது. அவரும் பேசியே அனுப்பியிருந்தார்.

"சார், கேட்டேன். எங்க வூட்டுக்காரு நாலு தபா போடச்சொல்லி கேட்டு சிரிச்சிக்கினு கீறாரு. வரேன். ஆனா செவுரு பேசக்கூடாது, அத்த நானே கழட்டிடுவேன். எட்டரைக்குத்தான் வருவேன், ரெண்டு பஸ் மாறணும். மின்ன கால்வாயாண்ட இருக்கசொல்ல ஆறு மணிக்குக் கூட வந்திருப்பேன், அங்கேர்ந்து தூக்கி அங்க போட்டது நான் இல்ல. லிஃப்ட்லதான் ஏறுவேன், முட்டி வலிக்குது. நீ ஒரு நாளைக்கு ஒரு வாட்டி போன் பண்ணு. எனக்குப் பண்ணாத. ஐயாவுக்குப் பண்ணு."

மாமி சங்கத்தில் லிஃப்டுக்காகச் சண்டை போட்டு அனுமதி வாங்கினார். நம்மாத்து மனுஷா மாதிரி என்று எழுதியவர்தான். "நானும் பெங்களூர் போகணுமோல்லியோ" என்றார். முதியோர் இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் கேமராவில் கடைசியாகப் பார்த்தது, தனம் முக்காலியின் மேல் ஏறி நின்றதும், "மெதுவா, மெதுவா, நீயும் விழுந்து வெக்காதே" என்று அப்பா கீழேயிருந்து சொன்னதும்தான். ஒரு பெரிய உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்தது. பிறகு திரை கறுத்துப்போனது.

7

தினமும் எனக்கு மதியம் ஒன்றரை, அவர்களுக்குக் காலை ஒன்பது. அதுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம். பதினோரு மாதம் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரோடு மூன்று நிமிடம் பேச எனக்கு விஷயம் இல்லை. மாத்திரை போட்டாச்சா என்பேன். ஆச்சு என்பார். வெயிலா என்பேன். வெயில் என்பார். ஒரு வாரம் கழித்து அவராகவே, பால்கனியில் உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னார். கீழே எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பற்றி முழுதாக ஐந்து நிமிடம் விமர்சனம் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, போனை எடுக்கவில்லை.

மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். விரல் பழக்க தோஷத்தில் கேமரா செயலியைத் திறந்தது. அங்கே கறுப்புத் திரைதான். தனத்தைக் கூப்பிடக் கூடாது என்பது ஒப்பந்தம். மாமி பெங்களூரில். குளியலறைத் தரை, ஆம்புலன்ஸ், டிக்கெட், எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அலுவலக வாசல் படியில் வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் தனத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

அப்பாவே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"போனை ஆத்துலயே வெச்சுட்டுப் போயிட்டேண்டா. தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்தோம். வாக்கரோடதான். வழியில ரெண்டு இடத்துல உக்காந்தேன். அந்த இஸ்திரி போடறவன் என்னைப் பாத்துட்டு, சாமி, நீங்க வெளிநாடு போயிட்டீங்கன்னு நினைச்சேன்னான்."

"நான் பயந்தே போயிட்டேன்பா" என்றேன்.

அப்பா மூச்சு சீராகும்வரை காத்திருந்தார்.

"பயந்துண்டு இரு, பரவாயில்லை" என்றார். "நாளைக்கும் போகப்போறேன்."